வீட்டுக்காரர் வாங்கிய துப்பாக்கி

நாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் எல்க் வேட்டைக்காகத் துப்பாக்கி தேடிய வருடத்தில்தான், என் அம்மாவுக்குச் சுடத் தெரியும் என்பது எனக்குத் தெரியவந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவுக்கு என்னென்ன தெரியும் என்று அதுவரை நான் மனதில் வைத்திருந்த பட்டியல் சின்னது. சமையல், தையல், குர்ஆனில் யாசீன் ஓதுவது, எங்கள் ஊரான கம்பத்தில் யார் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லாமல் போனது என்ற விவரம். அவ்வளவுதான்.

அத்தா, அதாவது என் அப்பா, ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சாயங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அறுபதுகளின் கடைசியில் நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது நகரத்துக்குள் வீடு கிடைக்கவில்லை. தொலைபேசியில் காலியாக இருக்கும் வீடு, நாங்கள் நேரில் போய் நின்றதும் யாருக்கோ கொடுத்தாகிவிட்டதாக மாறிவிடும். ஒரு குளிர்காலம் முழுக்க அப்படி அலைந்த பிறகு, நகரத்துக்கு வெளியே காட்டை ஒட்டிய கிராமம் ஒன்றில், தையல் இயந்திரமும் சைக்கிளும் பழுதுபார்க்கும் ஒருவர் தம் வீட்டு மாடியைக் கொடுத்தார். பிள்ளை படிக்கட்டில் ஓடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடக் கூடாது என்ற இரண்டையும் தவிர வேறு நிபந்தனை போடவில்லை. மசாலா வாசனைக்காக அத்தா முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டாராம். அதற்கு அவர், வாசனை வந்தால் எனக்குப் பசிக்கும், அதைத் தவிர ஒன்றும் ஆகாது என்றாராம். அத்தா இதைப் பல வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். உயரமானவர். நீண்ட விரல்கள். பேச்சு குறைவு. பிள்ளைகள் இல்லை. அவர் பேசாததற்கும் சேர்த்து வீட்டுக்காரம்மா பேசுவார். வீட்டுக்காரர் ஓய்வு நாட்களில் பக்கத்துக் காட்டில் சிறிய மான்களை வேட்டையாடுவார். அதற்கென்று உரிமமும், மெல்லிய குழல் கொண்ட ஒரு சின்னத் துப்பாக்கியும் அவரிடம் இருந்தன.

அந்த வருடம் வசந்தத்தில் வீட்டுக்காரம்மாவின் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அந்த மைத்துனர் மர வியாபாரி. வருடந்தோறும் இலையுதிர்காலத்தில் ஒரு குழுவோடு சுவீடன் நாட்டுக்குப் போய் எல்க் வேட்டையாடுகிறவர். அந்த முறை குழுவில் ஓர் இடம் காலி, நீ வா என்று எழுதியிருந்தார். எல்க் என்பது மான் வகைதான். ஆனால் நம் மலைகளின் கடமானையே பக்கத்தில் நிறுத்தினால் குட்டியாகத் தெரியும். குதிரையை விட உயரம், அகன்ற கொம்பு, தொங்கும் மூக்கு. இத்தனையையும் வீட்டுக்காரர் சமையலறை மேசையில் பென்சிலால் எனக்கு வரைந்து காட்டினார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. சின்ன வயதிலிருந்தே அவருக்கு அந்த ஆசை இருந்ததாம்.

அவருடைய சின்னத் துப்பாக்கி அதற்கு ஆகாது. சட்டமும் விடாது. ஆகவே மைத்துனர் தம்மிடம் உபரியாக இருந்த ஒன்றைப் பார்சலில் அனுப்பி, இதைச் சுட்டுப் பழகு, பிறகு இதே போல ஒன்று வாங்கிக்கொள், எல்க்குக்கு இதற்குக் குறைந்த எதுவும் போதாது என்று குறிப்பும் வைத்திருந்தார். குழலின் துளை ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர் கொண்ட துப்பாக்கி அது. வீட்டில் அதன் பெயரே ஒன்பது-மூன்று என்றாகிவிட்டது. அதன் தோட்டா ஒவ்வொன்றும் என் நடுவிரலை விட நீளம், அத்தாவின் கட்டைவிரல் கனம்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. வேட்டைக்கு முதல் நாள், பலகையில் செய்த எல்க் ஒன்றைத் தண்டவாளத்தில் இழுத்து ஓட விடுவார்கள். அதைச் சரியான இடத்தில் சுடாதவர் அடுத்த நாள் காட்டுக்குள் போக முடியாது. சமைத்துக்கொண்டு கூடாரத்தில் இருக்க வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் ஊருக்கு வெளியே இருந்த சுடுதளத்துக்குப் போய் வந்தார். சுட்ட இலக்குத் தாள்களைக் கீழே சலவை அறைச் சுவரில் வரிசையாக ஊசியால் குத்தி வைத்தார். குண்டு ஒன்றுகூட நடுவட்டத்தில் இல்லை. எல்லாம் கீழே. சில தாளுக்கு வெளியே போய்விட்டன. துப்பாக்கி மேல் இருந்த தொலைநோக்கி சரியில்லை என்று கழற்றி மாட்டினார். பிறகு தோட்டா சரியில்லை என்று முடிவு செய்தார். ஈய முனை வைத்தவை, செம்பு உறை போட்டவை, கனமானவை, கொஞ்சம் கனம் குறைந்தவை என்று பெட்டி பெட்டியாக வாங்கிச் சலவை அறை மேசையில் அடுக்கினார். அத்தா வேதியியல் படித்தவர் என்பதால், ஒவ்வொரு பெட்டியிலும் வெடிமருந்து ஒவ்வொரு விதமாக எரியுமா என்று அவரிடம் கேட்டார். அத்தா தம் வாழ்நாளில் தீபாவளி வெடிகூட வெடித்ததில்லை. ஆனாலும் கேட்டவரை ஏமாற்ற மனமில்லாமல் அரை மணி நேரம் விளக்கினார். விளைவு, வீட்டுக்காரர் மறுநாள் இன்னும் இரண்டு பெட்டி வாங்கி வந்தார்.

அம்மா திங்கட்கிழமைகளில் துணி துவைப்பாள். அப்படி ஒரு திங்கட்கிழமை, நான் பள்ளியிலிருந்து வந்து துணி பிழிய உதவிக்கொண்டிருந்தபோது, ஈரக் கையோடு சுவரில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசித் தாளுக்கு முன்னால் நின்று, "துப்பாக்கியில கோளாறு இல்ல. தோட்டாவுலயும் இல்ல. ஆளு அமுக்குறாரு" என்றாள்.

யார் என்ன அமுக்குகிறார்கள் என்று நான் கேட்பதற்குள் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கையில் ஒன்பது-மூன்று. துடைத்து எண்ணெய் போடக் கொண்டுவந்திருந்தார். அம்மா சேலை முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

"பாப்பா, அதை ஒருக்க கையில வாங்கிப் பாக்கலாமான்னு கேளு."

அம்மாவுக்கு ஜெர்மன் மொழியில் வணக்கம், நன்றி, முட்டை, ரொட்டி, எவ்வளவு என்கிற மாதிரிப் பத்துச் சொற்கள்தான் தெரியும். மற்ற எல்லாவற்றுக்கும் நான்தான் வாய். கேட்டேன். வீட்டுக்காரர் சிரித்தார். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கொடுப்பது போலக் கொடுத்தார். அம்மா வாங்கியதும் குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தாழைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, பிறகு விரலை விட்டும் பார்த்தாள். விரல் விசைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. தோளில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கே கற்றுக்கொண்டார் என்று அவர் என்னிடம் கேட்டதை நான் அம்மாவிடம் கேட்டேன். பதிலை நானும் அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன். அம்மாவின் அத்தாவை நான் நன்னா என்று அழைப்பேன். நன்னாவுக்குக் கம்பத்துக்கு மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. ஆண் பிள்ளை இல்லை, மூன்றும் பெண்கள். காட்டுப்பன்றியும் கடமானும் தோட்டத்தை அழிக்கும் பருவத்தில் மூன்று பெண்களுக்கும் முறை வைத்திருந்தாராம். முந்நூற்றுப் பதினைந்து என்று ஒரு துப்பாக்கி, துளை எட்டு மில்லிமீட்டர். அம்மா பதினான்கு வயதிலிருந்து கல்யாணம் ஆகும் வரை அதைச் சுட்டிருக்கிறாள். இவ்வளவையும் அவள் சொன்ன தோரணை, ஊரில் எங்கள் வீட்டில் ஒரு கிணறு இருந்தது என்று சொல்வதைப் போல இருந்தது.

எங்கள் வீட்டில் கோழி ஏன் அம்மா கையால் அறுபடுகிறது என்பது மட்டும் எனக்கு அப்போது விளங்கியது. பக்கத்துப் பண்ணையிலிருந்து உயிரோடு கோழி வாங்கி வந்தால், பிஸ்மில்லா சொல்லி அறுக்க வேண்டிய அத்தா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார். அம்மாதான், தள்ளுங்க என்று கத்தியை வாங்குவாள்.

அத்தா அன்று மாலை விஷயம் கேள்விப்பட்டுக் கலங்கினார். வீட்டு ஓனரின் பிரச்சினையில் நாம் தலையிடுவது ரிஸ்க், நம்மைப் போன்ற ஃபாரினர்ஸ் விஷயத்தில் எது எப்படித் திரும்பும் என்று யாருக்குத் தெரியும் என்றார். அம்மா, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், பாவம் மனிதர் சம்பாதித்ததையெல்லாம் தோட்டாவாக வாங்கிக்கொண்டிருக்கிறார் என்றாள். அத்தா செய்தித்தாளை விரித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்காரரின் காரில் மூவரும் போனோம். சுடுதளம் என்றால் காட்டுக்குள் நீளமாக வெட்டிய ஒரு பாதை. ஒரு முனையில் கூரை போட்ட மேடை, மறுமுனையில் மண்மேடு. அன்று வேறு யாரும் இல்லை. என் காதுகளில் பஞ்சு அடைத்து, மேல் ஒரு கம்பளித் தொப்பியையும் இழுத்து விட்டார்கள்.

முதலில் அம்மா சுட்டாள். சேலைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் தோளில் மடித்து வைத்த துண்டு. மேசையில் மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து உட்கார்ந்தாள். மூச்சை இழுத்துப் பாதி விட்டாள். அதற்குப் பிறகு அவ்வளவு நேரம் ஒன்றுமே நடக்காததால், சுட மறந்துவிட்டாளோ என்று நான் நினைத்த நேரத்தில் வெடித்தது. சத்தம் என் வயிற்றுக்குள் இறங்கியது. வீட்டுக்காரர் தொலைநோக்கியில் பார்த்தார். நடுவட்டத்துக்கு இரண்டு விரல் மேலே ஓட்டை. அம்மா தோளைத் தேய்த்துக்கொண்டு, "கழுதை உதை" என்றாள். நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையாட்டினார். ஆனால் முகம் வாடியிருந்தது. துப்பாக்கி மேலும் தோட்டா மேலும் இனிப் பழி போட முடியாது.

பிறகு அவர் உட்கார்ந்தார். அம்மா என் மூலம் ஓர் ஏற்பாடு சொன்னாள். அவர் கண்ணை இலக்கிலிருந்து எடுக்கவே வேண்டாம், தோட்டாவை அவளே ஒவ்வொன்றாகப் போட்டுத் தாழை மூடுவாள், அவர் சுட்டால் மட்டும் போதும். அவர் ஒப்புக்கொண்டார். முதல் தோட்டா, கீழே போனது. இரண்டாவது, இன்னும் கீழே. மூன்றாவதை எடுப்பதற்குமுன் அம்மா கோட்டுப் பைக்குள் கைவிட்டாள். வெறுமனே விசையை அழுத்திப் பழகுவதற்கென்று மருந்தில்லாமல் செய்த போலித் தோட்டா ஒன்று பெட்டியில் இருந்ததை அவள் முன்பே பையில் போட்டிருந்தாள். சிவப்புச் சாயம் பூசியது. அதை அவள் உள்ளங்கையில் நான் பார்த்தேன். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

அவர் விசையை அழுத்தினார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். வெடி இல்லை, உதை இல்லை. ஆனாலும் அவருடைய உடம்பு முழுவதும் தூக்கிப்போட்டது. தோள் முன்னால் பாய்ந்தது, குழலின் முனை மேசையில் இடித்தது, கண்கள் இறுக மூடியிருந்தன. யாரோ அடிக்க வந்ததற்குக் குனிகிற மாதிரி இருந்தது அது.

நான் சிரித்துவிட்டேன். அவ்வளவு பெரிய மனிதர் ஒன்றும் இல்லாததற்கு அப்படித் துள்ளியது எனக்குச் சர்க்கஸ் கோமாளி போலத் தெரிந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு அழுத்தமாக அவள் என்னைப் பிடித்ததே இல்லை. வீட்டுக்காரர் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே கிடந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அம்மா குனிந்து, அவர் காதில் விழட்டும் என்பது போல நிறுத்தி நிதானமாக, ஆனால் தமிழில் சொன்னாள்.

"அவர்கிட்டச் சொல்லு. இது பயம் இல்லைன்னு சொல்லு. உடம்புக்கு ஞாபகம் இருக்கு, அவ்வளவுதான்னு சொல்லு."

எனக்கு அதில் ஒரு சொல்தான் ஜெர்மனில் உடனே வந்தது. பயம். மற்றவற்றை எப்படிச் சொல்வது? உடம்புக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? மணிக்கட்டு வலித்தது. தெரிந்ததிலிருந்து தொடங்கிவிடுவோம், மீதியை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, "உங்களுக்குப் பயம் என்று அம்மா சொல்கிறார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா மிக அன்பாகத் தலையசைத்தாள். அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் எனக்கு மீதி வரவே இல்லை.

அவர் பெட்டிகளை அடுக்கினார். துப்பாக்கியை உறையில் போட்டார். வழி முழுக்கக் காரை வேகமாக ஓட்டினார். அம்மா ஜன்னல் வழியாகப் காட்டு மரங்களைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக வந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் கீழ்வீட்டிலிருந்து எங்களோடு பேச்சே இல்லை. வீட்டுக்காரர் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்காரம்மாவின் கண்கள் ஒருநாள் சிவந்திருந்தன. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் வீட்டுக்காரர் சுடுதளத்துக்குப் போகவில்லை. சலவை அறையில் தாள்கள் எல்லாம் எடுக்கப்பட்டு, சுவரில் ஊசிகள் மட்டும் இருந்தன.

அத்தா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "நான் அப்பவே சொன்னேன்ல, ரிஸ்க்னு. மறுபடி வீடு தேடி அலைய என்னால முடியாது" என்றார்.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலைங்க" என்றாள் அம்மா. "பயமில்லைன்னுதான சொன்னேன். அதுல என்ன கோவம்?"

பிறகு அவள் அத்தாவிடம் சொன்னதை நான் கணக்குப் புத்தகத்துக்குப் பின்னால் இருந்து கேட்டேன். அவளுடைய சின்னத்தா, அதாவது நன்னாவின் தம்பி ஒருவர், பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பியவராம். தோப்பில் தேங்காய் விழும் சத்தம் கேட்டால்கூடத் தரையில் படுத்துவிடுவாராம். ஊர்ப் பையன்கள் அதற்கென்றே கல்லைப் போடுவார்களாம். வருடப் பிறப்புக்கு இந்தக் கிராமத்தில் வாணவேடிக்கை விடும்போது வீட்டுக்காரர் உருளைக்கிழங்கை அடுக்கப் போகிறேன் என்று நிலவறைக்குள் இறங்கிவிடுவதையும், வீட்டுக்காரம்மா ரேடியோவை அலற விடுவதையும் அவள் இரண்டு வருடமாகக் கவனித்திருக்கிறாள். எனக்கு உருளைக்கிழங்கு உருளைக்கிழங்காகத்தான் தெரிந்திருந்தது.

ஒரு சொல் விட்டுப்போனது என்பது எனக்குத் தெரியும். இல்லை என்ற அந்த ஒரு சொல். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அம்மாவிடம் போனேன். ஒருமுறை, தலைமுடி பின்னிவிடச் சொல்லித் திரும்பி வந்தேன். ஒருமுறை, பசிக்கிறது என்றேன். மூன்றாம் முறை, வீட்டைக் காலி செய்தால் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். அம்மா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. அத்தா ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிருந்தார். வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காலி செய்யச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஒன்பது-மூன்று வேண்டாம் என்று மைத்துனருக்கு எழுதிவிட்டேன்" என்றார் என்னிடம். "வேறு எது வாங்கலாம் என்று பார்க்கக் கடைக்குப் போகிறேன். அம்மா கூட வருவாரா, கேள்."

நகரத்தில் பழைய தெரு ஒன்றில் இருந்தது துப்பாக்கிக் கடை. கடைக்காரர் முதலில் வீட்டுக்காரரிடமே பேசினார். வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் அம்மாவைக் கை காட்டினார். கொஞ்ச நேரத்தில் கடைக்காரரும் வழிக்கு வந்து, மூன்று துப்பாக்கிகளை அம்மாவுக்கு முன்னால் பச்சைத் துணி மேல் வைத்தார். ஒன்று எட்டு மில்லிமீட்டர். அது நன்னாவின் துப்பாக்கிக்கு உறவு போல இருந்ததால் அம்மாவின் கை அதில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தள்ளி வைத்துவிட்டாள். இதுவும் உதைக்கும் என்றாள். இரண்டாவது ஒன்று நல்ல வேலைப்பாடு, ஆனால் எடை குறைவு. எடை குறைந்த துப்பாக்கி தோளை இன்னும் அதிகமாகத் தள்ளும் என்றாள். மூன்றாவது ஆறரை மில்லிமீட்டர். சுவீடனிலேயே செய்த பழைய துப்பாக்கி. கட்டையில் கீறல்கள். கனமாக இருந்தது. அந்த ஊர்க்காரர்களே இதை வைத்துத்தான் எல்க் வேட்டையாடுகிறார்கள் என்றார் கடைக்காரர்.

வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. ஐநூறு கிலோ மிருகத்தைப் பென்சிலால் குத்துவதா என்று கேட்டார். நான் சொன்னதும் அம்மா கடைக்காரரிடம் தோட்டாக்களைக் கேட்டு வாங்கி, கண்ணாடிப் பெட்டி மேல் நிற்க வைத்தாள். ஆறரையிலேயே மூன்று வகை இருந்தன. அதிவேகமாகப் போகும் மெல்லிய குண்டு, நடுத்தரமானது, கனமாக நீண்டு முனை மழுங்கிய ஒன்று. கனமானதைத் தேர்ந்தெடுத்து ஒன்பது-மூன்றின் தோட்டாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"குண்டு பெருசா இருந்து என்ன செய்ய, போய்ச் சேரணும்ல. இது ஒல்லியா நீளமா இருக்கறதால நேரா உள்ள இறங்கும். முன்னங்காலுக்குப் பின்னாடி, நெஞ்சுல. அங்க பட்டா இது போதும். வேற எங்க பட்டாலும் எதுவும் போதாது. அவருக்கு எதை வச்சா கண்ணைத் திறந்துக்கிட்டுச் சுட முடியுமோ அதுதான் அவருக்குத் துப்பாக்கி."

நான் இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொன்னேன். கடைக்காரர், நான் இருபது வருடமாக வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்ல முயன்று தோற்றிருக்கிறேன் என்றார். வீட்டுக்காரர் கனமான தோட்டாவை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதையே வாங்கினார்.

அந்தக் கோடை முழுக்க சனிக்கிழமைகளில் நாங்கள் காட்டுக்குப் போனோம். இப்போது போலித் தோட்டாவை ஒளிக்கவில்லை. நிஜத்தோடு கலந்து அம்மா போடுவாள், எது எது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். டிக் என்று கேட்கும்போதெல்லாம் குழல் ஆடியதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஆடியது. அவரே சிரித்தார். இரண்டாம் வாரம் கொஞ்சம் ஆடியது. ஓட்டைகள் தாளில் மெல்ல மெல்ல ஏறி வந்தன. பள்ளி திறப்பதற்குள் ஒரு நாள், ஐந்து டிக் வந்தும் குழல் அசையவில்லை. நான் கை தட்டினேன். அவர் எழுந்து அம்மாவுக்குக் கை கொடுக்க நீட்டினார். பிறகு அம்மா ஆண்களுக்குக் கை கொடுப்பதில்லை என்பது நினைவு வந்து, கையை இழுத்துத் தம் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

சுவீடனுக்குக் கிளம்பும் முன் அவர் அத்தாவிடம் ஒரு சந்தேகம் கேட்டார். மான் கறி கொடுத்தால் நீங்கள் ஏன் வாங்குவதில்லை? இறைவன் பெயரைச் சொல்லி வேட்டையாடியதாக இருந்தால்தான் சாப்பிடுவோம் என்று அத்தா விளக்கினார். அப்படியானால் அந்த வார்த்தையை எழுதிக் கொடுங்கள் என்றார் அவர். அத்தா பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்பதை ஜெர்மன் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அவர் அதை மடித்து உரிமப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்.

ஓடும் பலகை எல்க்கில் அவர் குறி தப்பவில்லை. அந்த மைத்துனரின் ஒன்பது-மூன்றுதான் ஒருமுறை கொம்பைச் சுட்டதாம். இரண்டாம் நாள் காலை பனி விலகும்போது ஓர் இளம் எல்க் சதுப்பைக் கடந்து வந்தது. ஒரே குண்டு. அறுபது அடி நடந்து படுத்துவிட்டதாம். சுடுவதற்கு முன் தாளில் இருந்ததைச் சொன்னேன், உச்சரிப்புக்கு நான் பொறுப்பில்லை என்றார். அந்தக் கறியில் ஐந்து கிலோவைச் செய்தித்தாளில் சுற்றி எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார்.

லூத்தரன் கிறிஸ்தவர் ஒருவர் தப்பும் தவறுமாகச் சொன்ன பிஸ்மில்லா செல்லுமா என்று அத்தாவுக்குக் குழப்பம். நன்னாவுக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம் என்றார். "வேதம் வந்த கூட்டத்து ஆளுதான. சொல்லவும் சொல்லியிருக்காரு. நீங்க கடுதாசி போட்டுப் பதில் வர்றதுக்குள்ள கறி நாறிரும்" என்று அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். மிளகு அரைத்துப் போட்டு மூன்று மணி நேரம் வேக வைத்தும் கறி கொஞ்சம் அடம் பிடித்தது. கீழ்வீட்டிலிருந்து இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டோம். வீட்டுக்காரம்மா மூக்கில் தண்ணீர் வழிய வழிய இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பாட்டுக்கு நடுவில் வீட்டுக்காரர் ஆப்பிள் சாற்றுக் கோப்பையோடு எழுந்து நின்றார். அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் ஜெர்மனில். பேச்சுப் பழக்கம் இல்லாதவர் என்பதால் மெதுவாக வந்தது.

"போர் முடிந்து இருபத்தைந்து வருடமாக, சத்தத்துக்கு நான் துள்ளினால் எல்லோரும் அதைத் தோள்பட்டை வலி என்றே சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உனக்குப் பயம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னது இந்த அம்மா ஒருவர்தான். சொன்ன அன்று எனக்குத் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நானே என் மனைவியிடம் சொன்னேன். முதல் தடவையாக. இரண்டு வாரம் நாங்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்."

வீட்டுக்காரம்மா மேசைத் துணியை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் அம்மா.

அவள் கேட்டது என்னிடம் அல்ல, அத்தாவிடம். அத்தாவுக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். சுடுதளத்தில் அம்மா சொன்னது என்ன என்பதும் தெரியும். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தட்டில் இருந்த எலும்பைப் பார்த்தேன். காதுகள் எரிந்தன. அத்தா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அன்னிக்கு நீ சொன்ன வார்த்தைக்கு நன்றி சொல்றாரு" என்றார்.

"நான் என்ன பெருசா சொல்லிட்டேன். உள்ளதைச் சொன்னேன்" என்றாள் அம்மா.

அத்தா அதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஜெர்மனில் சொன்னார். ஆமாம், உள்ளதைத்தான் என்றார் வீட்டுக்காரர். அவர் கண்கள் நனைந்திருந்தன. மிளகு என்று நினைத்து அம்மா தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள், நீண்ட நாள் பேசிப் பழகியவர்களைப் போல.

அதற்குப் பிறகு அத்தா அந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அம்மாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் அவர் அப்படி மாற்றிச் சொன்னார் என்று அந்த வயதில் நான் உறுதியாக நம்பினேன். அந்த நன்றிக்காக அடுத்த வாரம் முழுவதும் தினமும் காலையில் அவருடைய ஷூக்களுக்குப் பாலிஷ் போட்டு வாசலில் வைத்தேன். அத்தா ஒவ்வொரு நாளும் அவற்றைக் கையில் எடுத்துப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், எதற்கென்று கேட்காமல் போட்டுக்கொண்டு போய்விடுவார்.